லேஸான விஷயமில்லை சார்!

ஷூ லேஸை வீட்டில் ஒரு தடவை, பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவை, மானேஜர் ரூம் வாசலில் ஒரு தடவை என்று குனிந்து குனிந்து கட்டுகிறவரா நீங்கள்? பிள்ளையார் வேண்டுமானால் தோப்புக்கரணக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். மற்றபடி நஷ்டம்தான். பி.காம். படித்தவனுக்கு நஷ்டக் கணக்கு பிடிக்காதே... விசாரணையில் இறங்கினேன்.

லேஸ் ஏன் அவிழ்கிறது? 2017-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று இன்ஜினீயர்கள் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர் டிரெட்மில்லில் ஓட, மற்றவர்கள் ஸ்லோமோஷனில் படம் பிடித்தார்கள். கால் தரையில் மோதும் விசை புவியீர்ப்பைப் போல ஏழு மடங்காம்! அந்த அதிர்ச்சியில் முடிச்சு தளர்கிறது. காலை வீசும்போது தொங்குகிற நுனிகள், யாரோ பிடித்து இழுப்பது போல இழுக்கின்றன. நழுவ ஆரம்பித்துவிட்டால் சில விநாடிகளில் ஆட்டம் க்ளோஸ்!

ஆனால் எல்லா முடிச்சும் ஒரே ஜாதியில்லை. உங்கள் ஷூவைக் கொஞ்சம் பாருங்கள். பட்டாம்பூச்சியின் இரண்டு இறக்கைகளும் குறுக்கே, இடமும் வலமுமாக நிற்கிறதா? பாஸ்! அதுதான் ஸ்கவுட்டில் சொல்லித் தருவார்களே, ரீஃப் நாட், அந்த வம்சம். ஒன்று விரல் பக்கம், இன்னொன்று குதிகால் பக்கம் என்று திரும்பிக் கிடக்கிறதா? ஃபெயில். இதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் 'கிரானி நாட்'... பாட்டி முடிச்சு! அக்கிரமம் சார். என் பாட்டி முந்தானையில் முடிந்த நாலணாவை, தாத்தாவால் கடைசி வரை அவிழ்க்க முடிந்ததில்லை.

வைத்தியம் சுலபம். முதல் முடிச்சில் வலது நுனியை இடதுக்கு மேலே போடுகிறவர், இனிமேல் இடதை வலதுக்கு மேலே போடுங்கள். இடதை மேலே போடுகிறவர் வலதை. மற்றதெல்லாம் பழையபடியே. அவ்வளவுதான்!

இதைத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்டர்வியூவுக்காக ஊரிலிருந்து வந்தவன். இருபத்திரண்டு வயசு வரை செருப்புதான். ரூம்மேட்டின் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, சிரிக்கக் கூடாது... இதை எப்படிக் கட்டறது?" என்றான்.

சிரிக்க என்ன இருக்கிறது? தோளில் துண்டு போட்ட அப்பாக்கள் வரப்பு கட்டச் சொல்லித் தருவார்கள், வைக்கோல் கட்டச் சொல்லித் தருவார்கள். ஷூ லேஸுக்கு எங்கே போவார்கள்? "நீ கட்டுகிற வைக்கோல் கட்டு அவிழுமாடா?" என்று கேட்டேன். "அதெப்படிண்ணே அவிழும்?" என்றான். மூன்றாவது தடவையிலேயே என்னைவிட நன்றாகக் கட்டினான். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த கம்பெனியில் கிடைத்தது. இப்போது ஷூ அவனுடையது.

முடிச்சு போலவே கோர்ப்பதிலும் வழி இருக்கிறது. பாதத்தின் மேல்பக்கம் வலிக்கிறதா? வலிக்கும் இடத்தில் லேஸைக் குறுக்கே விடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றுங்கள். குதிகால் வழுக்குகிறதா? ஓடுகிற ஷூக்களில் உச்சியில் ஒரு ஓட்டை சும்மா இருக்கும். அதில் இரண்டு பக்கமும் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். கால் உட்கார்ந்துவிடும். ஆபீஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஷூவுக்கு ஏணிப்படி மாதிரி நேர்க்கோடுகளாகக் கோர்த்தால், டிப்டாப்!

ஆறு ஜோடி ஓட்டையுள்ள ஷூவில், எது முதல், மேலிருந்தா கீழிருந்தா என்று பெருக்கினால் சுமார் 2 லட்சம் கோடி வழிகள் வரும். பட்ஜெட்டில் மட்டுமே கேள்விப்பட்ட தொகை! ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் பர்கார்ட் போல்ஸ்டர் இந்த விஷயத்தை அலசி, 2002-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். இழுத்துப் பிடிப்பதில் எது பலசாலி? நாம் காலங்காலமாகப் போடுகிற குறுக்கு மறுக்கும், அந்த ஏணிப்படியும்தான்!

ஆக, கோர்ப்பதில் நம் ஜனங்கள் ஏற்கெனவே ஃபர்ஸ்ட் கிளாஸ். முடிச்சில்தான் அரியர்ஸ். நாளைக் காலையில் க்ளியர் பண்ணிவிடுங்கள். ஃபீஸ் கிடையாது!