மாரிக்குப் பயப்படும் மரம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வளவில் நிற்கும் நெல்லி பெரும்பாலும் அரநெல்லிதான். கொத்துக் கொத்தாய்க் காய்த்து அச்சாறாகிவிடும். பெருநெல்லி வேறு மரம். நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி, கல்லோயா தேசியப் பூங்காவில் கடுக்காய், தான்றி மரங்களோடு அது தானாகவே வளர்கிறது. தேசிக்காயில் 100 கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் விற்றமின் சி என்றால், பெருநெல்லிக்காயில் அது பல நூறு மில்லிகிராம்.

காட்டு மரம் கடற்கரை மணலுக்கு ஒத்துவருமா என்று தயங்க வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் பகுதியில், மற்றப் பயிர்கள் கருகும் உவர் நிலத்தில் நெல்லித் தோட்டங்கள் செழிக்கின்றன. கச்சான் காற்றின் வெக்கையையும் இந்த மரம் தாங்கும். தாங்காதது வேரில் தேங்கும் தண்ணீர். நம் கரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் பள்ளத்தில் நிற்கும் கன்று அழுகிவிடும்.

ஆகவே வளவின் மேடான மூலையில், நல்ல வெயில் படும் இடத்தில், மூன்றடி ஆழ அகலத்தில் குழி வெட்டுங்கள். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதனால் அடியில் பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். கன்றின் அடி சுற்றுநிலத்தைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். முதல் இரண்டு வருடக் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். விதைக்கன்று காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும்.

மரத்தின் விசித்திரம் அதன் ‘இலை’யில் இருக்கிறது. இறகு போலத் தெரியும் அது இலையல்ல, மெல்லிய சிறுகிளை. அதன் இருபுறமும் வரிசையாய் இருக்கும் பொடிப்பொடித் தகடுகளே இலைகள். நம்பிக்கை வராவிட்டால், முற்றத்தில் முளைக்கும் கீழாநெல்லியைப் புரட்டிப் பாருங்கள்; சிறுகிளையின் அடியில் காய்கள் வரிசையாய்த் தொங்கும். அதுவும் இதே குடும்பம். இலை காய்க்காது, கிளைதான் காய்க்கும்.

பூக்களும் அந்தச் சிறுகிளையிலேயே வருகின்றன. அடிப்பக்கத்தில் ஆண் பூக்கள் ஏராளம், நுனிப்பக்கத்தில் பெண் பூக்கள் சில. ஒரே மரத்தின் மகரந்தம் பல வேளைகளில் அதற்கே சரிவராது. தனிமரம் பூத்துக் குலுங்கியும் காய் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். இடம் இருந்தால் வேறு இனப் பெருநெல்லிக் கன்றொன்றையும் நடுங்கள்; இல்லையென்றால் அடுத்த வளவுக்காரரை ஒன்று நடச் சொல்லுங்கள். வேலி தாண்டிப் போகத் தேனீக்கு அனுமதி தேவையில்லை.

குருத்துத் தண்டு முடிச்சுப் போல வீங்கினால் உள்ளே புழு இருக்கும். வீக்கத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள்.

கடும் வறட்சியில் சிறுகிளைகள் இலைகளோடு அப்படியே உதிர்ந்து, மரம் பட்டுப்போனது போல மொட்டையாக நிற்கும். கோடரியைத் தேட முன் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், அடுத்த மழைக்குத் தளிர்க்கும்.