காலைத் தாங்கும் அங்கவடி

குதிரையின் முதுகில் போடப்பட்டிருக்கும் சேணத்தின் இருபுறமும் இரண்டு வளையங்கள் தொங்குவதைப் பார்த்திருக்கலாம். சவாரி செய்பவர் தம் பாதங்களை அவற்றில் பதித்துக்கொள்வார். இந்த வளையத்திற்கு அங்கவடி என்று பெயர். மனிதரின் நடுச்செவியில் உள்ள மிகச் சிறிய எலும்பும் இதே வடிவில் இருப்பதால், அதையும் அங்கவடி என்றே அழைக்கிறார்கள். குதிரையேற்றம் கற்கத் தொடங்குவோர் தலைக்கவசத்தையும் காலணியையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அங்கவடியைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. ஆனால், குதிரையிலிருந்து விழும் ஒருவர் தரையில் உருண்டு எழுந்து நிற்பாரா, குதிரையின் பக்கத்தில் தொங்கியபடி இழுத்துச் செல்லப்படுவாரா என்பது பல வேளைகளில் இந்தச் சிறு வளையத்தைப் பொறுத்தே அமைகிறது.

மனிதன் குதிரையேறக் கற்றுப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான் அங்கவடி வந்தது. மாவீரன் அலெக்சாந்தரின் குதிரைப்படை வீரர்கள் அது இல்லாமலேயே போரிட்டார்கள். தொடைகளால் குதிரையின் உடலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி. சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே, கி.பி. 302ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் குதிரை வீரனின் மண் பொம்மை கிடைத்தது. அதில் சேணத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய வளையம் தொங்குகிறது. ஏறுவதற்கு உதவும் படியாகவே அது பயன்பட்டிருக்க வேண்டும். அடுத்த நூற்றாண்டிலேயே நிலைமை மாறியது. கி.பி. 415இல் அடக்கம் செய்யப்பட்ட ஃபெங் சுஃபு என்னும் பிரபுவின் கல்லறையில் இரண்டு அங்கவடிகள் இணையாகக் கிடைத்தன. மல்பெரி மரத்தால் செய்து, பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியவை அவை. படியாக இருந்த பொருள் சவாரி முழுவதும் காலைத் தாங்கும் பொருளாக மாறிவிட்டது.

காலைத் தாங்குவது அங்கவடியின் முதல் வேலை. குதிரை துள்ளுநடை போடும்போது, சவாரி செய்பவர் அந்தத் தாளத்திற்கேற்ப எழுந்து எழுந்து அமர்வார். அப்போது உடலின் எடையில் பெரும்பகுதி பாதத்தின் அடியில் உள்ள தட்டில் இறங்கும். இரண்டாவது வேலை இதற்கு நேர்மாறானது. சவாரி செய்பவர் விழும் நொடியில் அவருடைய காலை அங்கவடி விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் என்ன ஆகும்? குதிரை இயல்பிலேயே அச்சம் மிகுந்த விலங்கு; ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்பிக்கப் பார்க்கும். தன் பக்கத்தில் ஏதோ ஒன்று தொங்கி இழுபடுவதை உணர்ந்தால் அது மிரண்டு ஓடும், ஓட ஓட இழுபடுவதும் கூடும், அச்சமும் கூடும். ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரையை அந்த நிலையில் யாராலும் எளிதில் நிறுத்திவிட முடியாது. குதிரையேற்றப் பயிற்றுநர்கள் விழுவதைக் காட்டிலும் கால் சிக்கிக்கொள்வதற்கே அதிகம் அஞ்சுவது இதனால்தான்.

ஆகவே, தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம். சவாரிக் காலணியின் மிக அகலமான பகுதியை அளந்து, அதைவிட ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் கூடுதல் அகலமுள்ள அங்கவடியை வாங்க வேண்டும். பாதத்தின் இருபுறமும் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தால் போதும். குறுகலான அங்கவடியில் காலணி இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் புரியும். மிக அகலமானதும் அதே அளவு ஆபத்தானது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சிறுவனின் பாதம் பெரியவர்களின் அங்கவடிக்குள் கணுக்கால்வரை நுழைந்துவிடும். பிறகு அதை வெளியே இழுப்பது கடினம். அண்ணனுக்கு வாங்கிய அங்கவடியைத் தம்பிக்கும் மாட்டிவிடுவது சிக்கனமாகத் தோன்றலாம். இந்த ஒரு பொருளில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

அங்கவடியைப் போலவே காலணியும் முக்கியம். குதிகாலில் இரண்டு சென்டிமீட்டராவது உயரமுள்ள காலணி, பாதம் முன்னோக்கி நழுவிப்போகாமல் தடுக்கும். குதிகால் இல்லாத விளையாட்டுக் காலணியில் அந்தத் தடுப்பு இல்லை. அதன் அடிப்பகுதியில் உள்ள ஆழமான வரிப்பள்ளங்களோ அங்கவடியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும்.

அடுத்தது எடை. கையில் தூக்கிப் பார்த்து, இலேசாக இருப்பதே நல்லது என்று பலர் முடிவு செய்கிறார்கள். தடை தாண்டும் வீரர்கள் பலர் அலுமினியத்தாலோ வலுவான செயற்கைப் பொருள்களாலோ செய்த இலேசான அங்கவடிகளை விரும்புவது உண்மைதான். கற்றுக்கொள்பவருக்கு நிலைமை வேறு. துருப்பிடிக்காத எஃகினால் செய்த கனமான அங்கவடி, கால் நழுவியதும் நேராகக் கீழே தொங்கும். இலேசானது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதால், குனிந்து பார்க்காமல் அதில் மீண்டும் காலை நுழைப்பது எளிதன்று. விழும்போதும் கனமான அங்கவடி தன் எடையாலேயே பாதத்திலிருந்து கழன்றுவிடும். தொடக்கநிலையில் இருப்போருக்கு எஃகே ஏற்றது. அதன் தட்டில் ரப்பர் உறை பொருத்தப்பட்டிருந்தால், மழையில் நனைந்தாலும் கால் வழுக்காது.

போட்டிகளில் தேவைகள் மாறுகின்றன. குதிரை நடைப் போட்டியில் கால் நீண்டு தொங்க வேண்டும் என்பதால் தோல்வாரை நீளமாக விடுவார்கள். தடை தாண்டும்போது அதைச் சில துளைகள் சுருக்குவார்கள். ஓட்டப்பந்தயத்தில் அது மிகவும் குறுகிவிடும். டோட் ஸ்லோன் என்னும் அமெரிக்கக் குதிரையோட்டி, 1897இல் இங்கிலாந்துக்குச் சென்று, மிகக் குட்டையான தோல்வாருடன் குதிரையின் கழுத்தருகே குனிந்து அமர்ந்து ஓட்டினார். முதலில் அவரைக் குரங்கு என்று கேலி செய்தவர்கள், அவர் வெற்றிமேல் வெற்றி பெறுவதைக் கண்டு அந்த முறையையே பின்பற்றத் தொடங்கினார்கள்.

நெடுந்தூரப் போட்டியின் நிலை இன்னொரு வகை. 2008ஆம் ஆண்டு உலக நெடுந்தூரக் குதிரையேற்றப் போட்டி மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் நடைபெற்றது. இவ்வகைப் போட்டியில் 160 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் கடக்க வேண்டும். அத்தனை மணி நேரம் குறுகிய உலோகத் தட்டின்மீது பாதத்தை ஊன்றியிருந்தால் விரல்கள் மரத்துப்போகும், முழங்காலும் வலிக்கும். அதனால் இப்போட்டியாளர்கள் அகலமான, மெத்தை வைத்த தட்டுள்ள அங்கவடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலவற்றின் முன்புறத்தில் பாதம் உள்ளே நுழைந்துவிடாதபடி ஒரு கூண்டும் இருக்கும். இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும், காலைக் கட்டிப்போடுவதற்கு மட்டும் இடமில்லை. அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடை தாண்டும் போட்டி விதிகளின்படி, தோல்வாரும் அங்கவடியும் சேணத்தின் வெளிப்புறத்தில் தடையின்றித் தொங்க வேண்டும். உடலின் எந்தப் பகுதியையும் சேணத்தோடு பிணைக்கவும் கூடாது.

வாங்கியபின் தோல்வாரின் நீளத்தைச் சரிசெய்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குதிரையின் அருகில் நின்று, விரல் நுனிகளைத் தோல்வாரின் மேல்முனையில் வைத்து, அங்கவடியை அக்குள்வரை நீட்டிப் பார்க்க வேண்டும். எட்டினால் நீளம் ஏறக்குறைய சரி. பெரும்பாலோர் இடப்பக்கமாகவே ஏறுவதால் அந்தப் பக்கத்துத் தோல்வார் நாளடைவில் நீண்டுவிடும். அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது வழக்கம்.

சிறுவர்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு அங்கவடி உண்டு. அதன் ஒரு பக்கத்தில் உலோகக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் மாட்டப்பட்டிருக்கும். கால் சிக்கி இழுபட்டால் வளையம் கழன்று, பாதத்திற்கு வழிவிடும். ரப்பர் உள்ள பக்கம் குதிரைக்கு எதிர்ப்புறமாக, வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பயனில்லை. ஒரு பக்கம் திறந்திருப்பதால் எடை மிகுந்தவர்கள் ஏறி மிதிக்கும்போது இதன் சட்டம் வளைந்துவிடும். எனவே, பெரியவர்களுக்கு இது பொருந்தாது. வெயிலிலும் ஈரத்திலும் ரப்பர் வெடித்துப்போவதால், ஒவ்வொரு முறையும் ஏறுமுன் அதை இழுத்துப் பார்க்கிறார்கள். சில வேளைகளில் சவாரியின் நடுவிலேயே வளையம் கழன்றுவிடுவதும் உண்டு. அப்போது குதிரையை நிறுத்தி, சட்டைப்பையில் வைத்திருக்கும் இன்னொரு வளையத்தை மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள்.