பிள்ளையைப் பார்க்க யார் பஸ் ஏறுவது?

மதுரையில் தாயிடம் வளரும் இரண்டு வயதுக் குழந்தையை, ஞாயிறுதோறும் கரூருக்குக் கொண்டுவந்து தந்தைக்குக் காட்டச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். போக வர சுமார் 300 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. தந்தையின் உரிமையில் கை வைக்கவில்லை. இடத்தைத்தான் மதுரைக்கு மாற்றியது. ஞாயிறு காலை 10 முதல் 2 மணி வரை பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ அவர் பிள்ளையோடு இருக்கலாம், தாய் பத்தடி தள்ளி இருப்பார்.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. இரண்டு ஊருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்தான். ஆனால், கணவர் திருப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார். மனைவி செந்துறைப் பக்கம் தாய்வீட்டில் இருப்பார். பெரம்பலூர் நகருக்கு ரயிலும் கிடையாது. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறுவதன் சிரமம் உத்தரவுத் தாளில் தெரியாது.

1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். ஐந்து வயது நிரம்பாத இந்துக் குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கும் என்கிறது 1956-ம் ஆண்டுச் சட்டம். எதிலும் பிள்ளையின் நலனே முதலில். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இடைக்கால மனு போட்டுப் பிள்ளையைப் பார்க்க அனுமதி வாங்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: பிள்ளையோடு தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச வழி வேண்டும், வீடியோ கால் ஆனாலும் சரி.

'ஞாயிறுதோறும் பார்க்கலாம்' என்று மொட்டையாக வரும் உத்தரவு அடுத்த சண்டைக்குத்தான் வழி. எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டிவருவது, காய்ச்சல் வந்தால் என்ன, முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள் என எல்லாவற்றையும் மனுவிலேயே கேளுங்கள். கோயில் என்றாலும் பார்த்துச் சொல்லுங்கள்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் பிள்ளை ஓடியாடப் புல்வெளியே இருக்கிறது.

ஜீவனாம்சம் வரவில்லையா? அதை வசூலிக்கத் தனி மனு உண்டு. பிள்ளையைக் காட்ட மறுப்பது அதற்கு வழியல்ல.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே சட்ட உதவி இலவசம். உதவி எண் 15100.