தானியம் போன பிறகு

சந்தை, கிடங்கு, பண்டசாலை என வணிகத்திற்காக எழுப்பப்பட்ட கட்டடங்கள், அவற்றை எழுப்பிய வணிகம் வேறிடம் பெயர்ந்துவிட்ட பின்னும் பெரும்பாலும் உறுதி குலையாமல் நிற்கின்றன. சரக்கின் பளுவைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே தடித்த சுவர்களும் வலுவான தளங்களும் பெற்றவை ஆதலால், பயன் தீரும் நாளுக்கும் கட்டடம் தளரும் நாளுக்கும் இடையில் பல தலைமுறைக் காலம் எஞ்சிவிடுகிறது. அத்தகைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமலும், பழம்பொருளாகப் பூட்டி வைக்காமலும், அதன் உட்பகுதியை மாற்றி வேறொரு பயனுக்கு ஆயத்தப்படுத்தும் பணியை மறுபயன்பாட்டு வடிவமைப்பு என்பர். பழுதுபார்த்தல் கட்டடத்தை இருந்தபடி நிறுத்துகிறது. மீட்டமைத்தல் அதை முன்பிருந்த நிலைக்குக் கொண்டு செல்கிறது. மறுபயன்பாடோ உடலை வைத்துக்கொண்டு தொழிலை மாற்றுகிறது. இதற்குப் பண்பாட்டுக் காரணம் மட்டுமன்றிச் சூழலியல் காரணமும் உண்டு. உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருவதால், ஏற்கெனவே வார்க்கப்பட்டு நிற்கும் ஒரு சுவரை இடிப்பது என்பது அதற்காக முன்பே செலவான எரிபொருளையும் சேர்த்து எறிவதாகும்.

உள்ளக வடிவமைப்பு என்றவுடன் வண்ணமும் திரைச்சீலையும் நாற்காலியும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், இத்தகைய பணிகளில் அவை கடைசியில் வருபவை. கட்டடத்தின் எந்தப் பகுதி எடையைச் சுமக்கிறது, வெளிச்சம் எந்த வழியே வருகிறது, தீப்பிடித்தால் மக்கள் எப்படி வெளியேறுவர், பழைய வணிகம் எந்த வடிவத்தை ஏன் கேட்டது என்பனவே முதலில் விடை காணப்பட வேண்டியவை. இவற்றுள் கடைசி வினாவே மிகவும் அடிப்படையானது. ஆயினும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். தானியத்திற்காகக் கட்டப்பட்டு இன்று கலை அருங்காட்சியகங்களாக விளங்கும் இரு கட்டடங்கள், ஒன்று பாரிஸிலும் மற்றது கேப் டவுனிலும் இருப்பவை, அந்த வினாவுக்கு நேரெதிரான இரு விடைகளைத் தந்துள்ளன.

பாரிஸ் கட்டடத்தின் இன்றைய பெயர் போர்ஸ் து கொமர்ஸ், அதாவது வணிக மாற்றகம். 1763க்கும் 1767க்கும் இடையில் நிக்கோலா லெ காமு த மெசியேர் என்ற கட்டடக் கலைஞர் இதைக் கோதுமைச் சந்தையாகக் கட்டினார். நடுவே வானம் பார்த்த வட்டமுற்றம், அதைச் சுற்றி வளையமாகக் கல்லாலும் செங்கல்லாலும் ஆன இரண்டடுக்குக் கட்டடம் என்பது அதன் அமைப்பு. வட்டவடிவம் அழகுக்காக மட்டும் வந்ததன்று; எத்திசையிலிருந்து வரும் வண்டியும் வளைவுகளின் வழியே உள்ளே நுழைந்து சரக்கை இறக்கிவிட்டுப் போவதற்கு அது வசதியாக இருந்தது. மேல்தளம் தானியக் கிடங்காகப் பயன்பட்டது. அங்கே ஏறிச்செல்லும் படிக்கட்டு ஒன்றை, ஒன்றையொன்று பின்னிச் சுழலும் இரட்டைப் படிவரிசையாக அமைத்தமையால், மூட்டையுடன் ஏறுபவரும் வெறுங்கையுடன் இறங்குபவரும் வழியில் முட்டிக்கொள்ளவில்லை. அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. தீக்கு அஞ்சி மரத்தைத் தவிர்த்துக் கட்டிய அக்கட்டடத்தின் மீது, இடப்பற்றாக்குறையால் சில ஆண்டுகளிலேயே மரத்தாலான குவிமாடம் வைக்க நேர்ந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

1782-83இல் லெக்ரான், மோலினோ என்னும் இருவர் அமைத்த அந்தக் குவிமாடம் ஏறத்தாழ 39 மீட்டர் அகலமுள்ள முற்றத்தை மூடியது. நீண்ட உத்தரங்களுக்குப் பதிலாகக் குட்டையான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்து வளைவான விலா எலும்புகளாக ஆக்கும் முறையில் அது கட்டப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் பிலிபேர் த லோர்ம் வகுத்துக்கொடுத்த அம்முறை, பெரிய மரங்கள் கிடைக்காத இடத்திலும் பெரிய கூரை எழுப்ப உதவுவது. 1786இல் இக்குவிமாடத்தைக் கண்டு வியந்தவர்களுள் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் ஒருவர். மான்டிசெல்லோவில் உள்ள தம் வீட்டின் குவிமாடத்திற்கு அவர் அதே முறையைக் கையாண்டார். 1802இல் பாரிஸ் குவிமாடம் எரிந்துபோயிற்று. அடுத்து 1806இல் தொடங்கி, கட்டடக் கலைஞர் பெலாஞ்சேயும் பொறியாளர் புருனேயும் சேர்ந்து வார்ப்பிரும்பு விலாக்களால் புதிய குவிமாடத்தை எழுப்பிச் செப்புத் தகடு வேய்ந்தனர். இரும்பாலான பெருங்குவிமாடங்களுள் இது மிகத் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. வடிவத்தைத் தீர்மானிப்பவரும் கணக்கிடுபவரும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்த தருணங்களுள் ஒன்றாகவும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுவதுண்டு.

முதல் பெரும் மறுபயன்பாடு 19ஆம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. 1885 முதல் 1889 வரை ஆன்ரி ப்ளோந்தெல் இதைச் சரக்கு மாற்றகமாக மாற்றினார். சரக்கு மாற்றகம் என்பது தானியம், சர்க்கரை போன்ற பொருள்கள் கண்முன் இல்லாமலேயே, விலையும் அளவும் ஒப்பந்தமாகக் கைமாறும் இடம். பின்னொரு நாளில் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேர வணிகமும் இதில் அடங்கும். மூட்டைகளே வராத வணிகத்திற்குக் கிடங்கு எதற்கு? ஆகவே ப்ளோந்தெல் வெளிவளையத்தை இடித்து அலுவலகங்களாகக் கட்டிவிட்டு, உள்வட்டத்தையும் இரும்புக் குவிமாடத்தின் எலும்புக்கூட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். கூரையில் கண்ணாடி ஏறிற்று. அதன் அடியில் ஐந்து கண்டங்களின் வணிகத்தைச் சித்திரிக்கும் பெரும் ஓவிய வளையம் தீட்டப்பட்டது. இன்று பழைமை என்று போற்றிக் காக்கப்படுவதில் பெரும்பகுதி, தன் காலத்தில் துணிச்சலான இடிப்பின் மீது எழுந்ததே என்பதைப் பாதுகாப்பு பேசுவோர் நினைவிற்கொள்வது நல்லது.

2016இல் பாரிஸ் நகர நிர்வாகம் இக்கட்டடத்தைத் தொழிலதிபர் ஃபிரான்சுவா பினோவின் கலைச்சேகரிப்புக்காக 50 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. வடிவமைப்பு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோவிடமும், பழைய பகுதிகளின் மீட்டமைப்பு வரலாற்றுச் சின்னங்களுக்கான கட்டடக் கலைஞர் பியேர் அந்துவான் கத்தியேயிடமும் ஒப்படைக்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகையால் வட்டக்கூடத்தின் சுவர்களில் கைவைக்க இயலாது. நான்குபுறமும் வாயில்களும் சாளரங்களும் திறந்திருக்கும் வளைந்த கூடத்தில் கலைப்படைப்புகளுக்கு ஒரு பின்னணி அமைவதும் அரிது. ஆண்டோ கண்ட விடை, வட்டத்திற்குள் இன்னொரு வட்டம். 29 மீட்டர் விட்டமும் 9 மீட்டர் உயரமும் அரை மீட்டர் தடிமனும் உள்ள கான்கிரீட் உருளை ஒன்று குவிமாடத்தின் கீழே தனியே நிற்கிறது, மேலே மூடியில்லை. பழைய சுவருக்கும் உருளைக்கும் நடுவில் விடப்பட்ட இடைவெளி நடைவழியாகிறது. உருளையின் வெளிப்புறத்தைத் தழுவியபடி படிக்கட்டு ஏறுகிறது. உருளையின் விளிம்பே மேல்நிலை நடைபாதையாக மாறுகிறது.

இவ்வமைப்பில் பாதுகாப்புத் துறையினர் பெரிதும் மதிக்கும் கோட்பாடு ஒன்று செயற்படுகிறது. புதிதாகச் சேர்க்கப்படுவது, பழையதைக் காயப்படுத்தாமல் பின்னொரு நாளில் அகற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அது. இதை மீள்தன்மை என்று சொல்லலாம். அரை மீட்டர் தடித்த கான்கிரீட்டை அகற்றத்தக்கது என்பது முதல் பார்வைக்கு நகைப்பாகத் தோன்றக்கூடும். அகற்றுவது எளிதன்று என்பதும் மெய்யே. ஆயினும் உருளை பழைய கட்டடத்தின் முகப்பைத் தொடாமல் நிற்பதால், அதை உடைத்து வெளியேற்றினால் பழைய வட்டக்கூடம் பழுதின்றி மிஞ்சும். மேலும், புதியது எது, பழையது எது என்பதில் பார்ப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. ஆண்டோவின் கான்கிரீட் பூச்சோ வண்ணமோ இல்லாதது. கலவை இறுகும்வரை அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளின் இணைப்புக் கோடுகளும், இருபுறப் பலகைகளையும் பிடித்திருந்த முடுக்குக் கம்பிகள் விட்டுச்சென்ற வட்டக்குழிகளும் ஒழுங்கான வரிசையில் சுவரிலேயே தெரியும்படி விடப்படுகின்றன. பூச்சு வேலை பின்னர் மறைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கு இடமில்லாததால், பலகை பொருத்தும் தச்சரின் துல்லியமே சுவரின் அழகாகிறது.

உருளையின் மிகச்சிறந்த பயன், எனினும், அதன் உள்ளே இல்லை. தரையிலிருந்து அண்ணாந்தும் சரியாகக் காண முடியாத 1889இன் ஓவிய வளையத்தை, 9 மீட்டர் உயர நடைபாதையில் நிற்பவர் கிட்டத்திலிருந்து காண்கிறார். அவ்வோவியங்கள் காலனி ஆதிக்கக் காலத்து ஐரோப்பியக் கண்ணால் உலகைப் பார்ப்பவை. பிற கண்டங்களின் மக்கள் அவற்றில் சரக்கு தருபவர்களாகவே பெரும்பாலும் தோன்றுகின்றனர். அவற்றை மறைக்காமலும் விளக்கப் பலகைகளால் நிறைக்காமலும், பார்வையாளரை அவற்றின் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது துணிவான முடிவு என்றே கொள்ள வேண்டும். கண்ணாடிக் கூரையின் கீழே வெயில் நேரடியாக விழும் இடம் எல்லாப் படைப்புகளுக்கும் ஏற்றதன்று. 2021 மே மாதத் திறப்பின்போது அங்கு வைக்கப்பட்டவை உர்ஸ் ஃபிஷரின் மெழுகுச் சிற்பங்கள், திரி ஏற்றப்பட்டு மாதக்கணக்கில் உருகிக் கரைவதற்கென்றே செய்யப்பட்டவை.

கேப் டவுன் துறைமுகத்தில் இருப்பது வேறுவகைத் தானியக் கட்டடம். 1921இல் தொடங்கி 1924இல் முடிந்த இது, உள்நாட்டிலிருந்து இரயிலில் வரும் மக்காச்சோளத்தை எடைபோட்டுத் தரம்பிரித்துச் சேமித்துக் கப்பலேற்றுவதற்கான தானியக் கோபுரம். உயரம் 57 மீட்டர். 2001இல் பயன்பாடு நின்றது. தரம்பிரிக்கும் கோபுரத்தை ஒட்டி, ஏறத்தாழ 33 மீட்டர் உயரமும் 5.5 மீட்டர் விட்டமும் உள்ள 42 கான்கிரீட் குழாய்கள் தேன்கூட்டு நெருக்கத்தில் நிற்கின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் மண் உறைகளை அடுக்கிச் செய்த தானியக் குதிர் ஒன்றைப் பத்து மாடி உயரத்திற்கு வளர்த்து, வரிசை வரிசையாக ஒட்டி நிறுத்தினால் கிடைப்பது ஏறக்குறைய இதுவே. அதில் சாளரமும் இல்லை, தளமும் இல்லை, ஆள் நிற்கத்தக்க கூடம் ஒன்றுகூட இல்லை.

குழாயின் சுவர் வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியது. தொட்டியில் நீரை நிரப்பினால் ஆழம் கூடக்கூட அழுத்தமும் இடைவிடாது கூடும்; தானியம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. மணிகள் சுவரோடு உராய்வதால் எடையின் ஒரு பகுதி சுவரில் தொங்கிவிடுகிறது. குறிப்பிட்ட ஆழத்திற்குப் பின் அடித்தள அழுத்தம் அதிகரிப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதை 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் சூத்திரமாக வகுத்தார். பக்கவாட்டு அழுத்தத்தை வட்டச்சுவர் தன்னைச் சுற்றி ஓடும் இழுவிசையால் தாங்குகிறது. ஆகவே குழாயின் வலிமை முழுவதும் அதன் வட்டம் முறியாமல் இருப்பதில் அடங்கியுள்ளது. பக்கவாட்டில் வெட்டித் திறந்தால் அவ்வலிமை அறுந்துபோகும்.

பிரித்தானிய வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் குழு செய்தது அந்த வெட்டுதலைத்தான். நடுவிலிருந்த குழாய்களைக் குடைந்து, ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள ஒரு பெருங்குகையை உருவாக்க வேண்டும் என்பது அவர்களின் திட்டம். அங்கே சேமிக்கப்பட்ட சோளமணி ஒன்றைக் கணினியில் அளந்தெடுத்துப் பன்மடங்கு பெருக்கிய வடிவமே குகைக்குக் கொடுக்கப்பட்டது. வெட்டுவதற்கு முன் குழாய்களின் உட்புறத்தில் கம்பி கட்டிப் புதிய கான்கிரீட் உறை வார்க்கப்பட்டது. அறுந்துபோகும் வட்டத்தின் வேலையை இனி அந்த உறை பார்த்துக்கொள்ளும். பிறகு கணினி மாதிரியிலிருந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு குழாயினுள்ளும் ஆணி அடித்துக் குறித்து, அக்குறிகளின் வழியே அறுத்தனர். வெட்டுமுகங்கள் மெருகேற்றப்பட்டபோது, நூறாண்டுப் பழைமையான கரடான கான்கிரீட்டுக்குள் ஜல்லிக்கற்கள் பளபளத்தன. மேலே, வெட்டப்பட்ட குழாய்களின் வாய்கள் கண்ணாடியால் மூடப்பட்டன. டோகோ நாட்டுக் கலைஞர் எல் லோகோ வரைந்த குறியுருக்கள் பொறித்த அக்கண்ணாடிகளின் மீது மாடிக்கு வருபவர்கள் நடக்கலாம், அவற்றின் ஊடாக வெயில் குகைக்குள் இறங்கும். சில குழாய்களில் மின்தூக்கியும் சுழற்படியும் ஏறியிறங்குகின்றன. தரம்பிரிப்புக் கோபுரத்தின் மேற்பகுதி விடுதியாயிற்று. ஆப்பிரிக்காவின் சமகாலக் கலைக்கான ஸைட்ஸ் மொகா அருங்காட்சியகம் இவ்வாறு 2017 செப்டம்பரில் திறந்தது.

குகை அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கடந்து காட்சிக்கூடங்களுக்குள் நுழைபவர், எந்த நகரத்து அருங்காட்சியகத்திலும் காணத்தக்க வெண்சுவர் அறைகளையே காண்கிறார். அவற்றுக்கு இடம்விடுவதற்காகவும் குழாய்கள் அகற்றப்பட்டன. ஓவியம் மாட்ட நேர்ச்சுவர் வேண்டும், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், காற்றுக்குழாய்களும் தீயணைப்பு நீர்க்குழாய்களும் எங்காவது ஓடியாக வேண்டும் என்னும் நடைமுறைத் தேவைகள் அதற்குக் காரணம். பாரிஸில் இத்தேவைகளைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது ப்ளோந்தெல் கட்டிய அலுவலக வளையம். அந்த அறைகள் காட்சிக்கூடங்களாக எளிதில் மாறின, கலையரங்கம் நிலத்தடிக்குச் சென்றது. அத்தகைய வளையம் எதுவும் கேப் டவுனுக்குக் கிடைக்கவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் அக்கட்டடத்தில் எந்த மனிதப் பயனும் குடியேறியிருக்க முடியாது. வெட்டியதால் போன குழாய்கள் இனித் திரும்பப் போவதுமில்லை. ஆண்டோவின் உருளையோ குத்தகைக்காலம் முடிந்தபின் நகர நிர்வாகம் விரும்பினால் வைத்துக்கொள்ளவும் வேண்டாமென்றால் உடைத்து அகற்றவும் ஏற்றபடியே நிற்கிறது.