உருளைக்கிழங்கு ஏன் பச்சையாகிறது?

மாணவர்களே, அடுத்த முறை அம்மாவோடு பேரங்காடிக்குப் போகும்போது உருளைக்கிழங்கு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜொகூர் பாருவாக இருந்தாலும் குளுவாங்காக இருந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் வலைப்பை. இன்னொரு பக்கம் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும் நெகிழிப்பை. சில வேளை தாள்பை. பக்கத்து மளிகைக் கடையிலோ சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். ஒரே கிழங்குக்கு இத்தனை வகைப் பை எதற்கு?

போன தீபாவளிக்கு முன் மலிவு விற்பனையில் நாங்கள் 5 கிலோ பை ஒன்று வாங்கினோம். நெகிழிப்பை. அதைச் சமையலறைச் சன்னல் ஓரமாக வைத்து மறந்தே போனோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மேலே இருந்தவை பச்சைப் பசேல் என்றிருந்தன. அடியில் இருந்தவை ஈரத்தில் அழுகிக் கிடந்தன. பச்சையானவற்றை வகுப்புக்குக் கொண்டு போனேன். “பச்சையை மட்டும் வெட்டிவிட்டுச் சமைக்கலாமா, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. விடை சொல்ல, முதலில் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேரா, தண்டா?

மண்ணுக்கடியில் விளைவதால் உருளைக்கிழங்கை வேர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது தண்டு. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்துக் கிழங்காகிறது. கிழங்கின் மேல் நாம் ‘கண்’ என்று சொல்வது மொட்டு. முளை அங்கிருந்துதான் வரும்.

தண்டுக்கு வெளிச்சம் கிடைத்தால் என்ன செய்யும்? பச்சையத்தை உருவாக்கும். உருளைக்கிழங்கும் அதையே செய்கிறது. தோலுக்குக் கீழே மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருந்த நுண்ணிய உறுப்புகள், வெளிச்சம் பட்டதும் பச்சையம் கொண்டவையாக மாறுகின்றன. இதற்கு வெயில்தான் வேண்டும் என்பதில்லை. கடையின் மின்விளக்கே போதும்.

பச்சையம் நஞ்சு அன்று. நாம் உண்ணும் கீரையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அதே வெளிச்சம் கிழங்கில் இன்னொரு வேலையையும் தூண்டுகிறது. சொலனின், சாக்கொனின் என்னும் இரு நச்சுப் பொருள்கள் கூடுகின்றன. பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் தப்பிக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதங்கள் அவை. கிழங்கு அடிபட்டாலும் கூடும். முளையில் மிக அதிகம். ஒரு கிலோ கிழங்கில் இவை 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. ஆகவே பச்சை நிறத்தை ஓர் எச்சரிக்கை விளக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளியில் நடந்தது

1969-ஆம் ஆண்டு, இலண்டனின் லூவிஷாம் பகுதி. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், முந்தைய தவணையில் மிச்சமான ஒரு பை உருளைக்கிழங்கு மதிய உணவில் சேர்ந்துவிட்டது. சாப்பிட்ட 78 மாணவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி என்று படுத்துவிட்டனர். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எல்லாரும் குணமடைந்தனர் என்பது ஆறுதல். அந்தக் கிழங்கு சமைத்துத்தான் பரிமாறப்பட்டது. கொதிக்கும் நீரின் வெப்பத்தில் சொலனின் அழிவதில்லை என்பதை மறக்காதீர்கள்.

பையின் வேலை

கிழங்கு செடியிலிருந்து பிரிந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. உயிர்வளியை எடுத்து, கரிவளியையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. எனவே நல்ல பை மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: வெளிச்சத்தைத் தடுப்பது, காற்றை விடுவது, ஈரம் தேங்காமல் பார்ப்பது.

சாக்கு ஓரளவு மூன்றையும் செய்கிறது. வலைப்பையில் காற்றோட்டம் அருமை. ஆனால் வெளிச்சம் தாராளமாக நுழையும். நெகிழிப்பையில் வெளிச்சமும் நுழையும், நீராவியும் துளிகளாகத் தங்கும். அதனால்தான் அதில் சிறு துளைகள் போடுகிறார்கள். துளை போதாவிட்டால் அழுகல் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். தடித்த தாள்பை வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் வாங்குபவர் உள்ளே பார்க்க விரும்புவார் அல்லவா? அதற்காகச் சில தாள்பைகளில் முன்பக்கம் மட்டும் வலைச் சன்னல் வைப்பார்கள்.

எந்தக் கிழங்கு எதற்கு?

நம் நாட்டில் விற்கும் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கிழங்கு நன்றாகப் பருக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். ஜொகூரின் இரவு அதற்குச் சூடு அதிகம்.

அமெரிக்க ‘ரஸ்ஸட்’ நீளமானது, சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்டது. மாவுச்சத்து மிகுந்தது. வெந்தால் உதிரும். பொரிப்பதற்கும் மசித்துப் ‘பெர்கெடில்’ செய்வதற்கும் ஏற்றது. மாவுச்சத்து குறைந்த வகைகள் கோழிக்கறியில் கொதித்தாலும் கரையாமல் துண்டாகவே நிற்கும். இந்தோனேசியாவில் பரவலாகப் பயிராகும் மஞ்சள் சதை ‘கிரானோலா’ இந்தப் பக்கம் சாய்ந்தது.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். 11 கப் நீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது அடர்த்தி அதிகமாதலால் மூழ்கும்; குறைந்தது மிதக்கும்.

வெளிர் தோலில் பச்சை உடனே தெரியும். ரஸ்ஸட்டிலும் சிவப்புத் தோல் வகையிலும் அது மறைந்திருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பையில் உள்ள சீட்டையும் படியுங்கள். வேளாண் பொருள்களைத் தரம்பிரித்து, பொதியிட்டு, விவரச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது ஃபாமா நடைமுறைப்படுத்தும் 2008-ஆம் ஆண்டு விதிமுறை. எந்த நாட்டுக் கிழங்கு, என்ன தரம், எவ்வளவு எடை என்பது அதில் இருக்கும்.

இனி அந்த மாணவிக்கு விடை. பச்சை சிறு புள்ளியாக இருந்தால் தோலைத் தடிப்பாகச் சீவி, முளையைத் தோண்டி எடுத்து, பச்சைப் பகுதியை ஆழமாக வெட்டிவிட்டுச் சமைக்கலாம். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ சமைத்தபின் கசந்தாலோ எறிந்துவிடுங்கள்.

வாங்கிய நெகிழிப்பையிலிருந்து கிழங்கை எடுத்துத் தாள்பையிலோ கூடையிலோ போட்டு, இருட்டான காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். நம் வெப்பத்தில் அது சீக்கிரம் முளைவிடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது 5 கிலோ பை வாங்குவதில்லை.