பாக்கும் ஊமத்தையும் காதுக்குள் ஒரு மடையும்

"நம்ம பாக்கிலிருந்து மனச்சிதைவு நோய்க்குப் புது மருந்து எடுத்திருக்கிறார்களாமே, தம்பிக்கு வெற்றிலை போடக் கொடுக்கலாமா?" என்று தக்கலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தி பாதி உண்மை. 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்த 'கோபென்ஃபி' மருந்தில் இருக்கும் ஜானோமெலின், பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்தது. பாக்கு அதில் துளியும் இல்லை.

அரிகோலினை 1888இல் பிரித்தவர் ஜெர்மனியின் யான்ஸ். 1990களில் மறதி நோய்க்காக ஜானோமெலினைச் சோதித்தார்கள். குமட்டலும் வாந்தியும் தாங்காமல் கிடப்பில் போட்டார்கள். வரலாறு இவ்வளவு போதும். இனி, அரிகோலின் மூளையில் எங்கே வேலை செய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துப் பார்ப்போம்.

வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். பத்தில் ஒரு நொடி முன்னால் மெல்லிதாக ஒரு 'டக்' கேட்டிருந்தால் அந்த அளவுக்குத் தூக்கிப்போடாது. முதல் சத்தத்தை அலசி முடிக்கும்வரை அடுத்ததை மூளை தணித்து வைக்கிறது. மனச்சிதைவு உள்ள பலரிடம் இந்தத் தணிவு குறைவு.

கும்பப்பூ வயலுக்குத் தண்ணீர் விடும் குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீர் வந்ததுமே மடைக்காரர் பலகையைப் பாதி இறக்கிவிட்டால், பின்னால் வரும் பெருக்கு நாற்றை அடித்துக்கொண்டு போகாது. மூளையில் அந்தப் பலகையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது அசிட்டைல்கோலின் என்ற செய்திப்பொருள். அரிகோலின் அதே குரலில் பேசும் வேற்றாள். ஊமத்தையின் ஸ்கோபோலமைன் மடைக்காரரின் காதையே பொத்திவிடுகிறது. எலிகளுக்கு அதைக் கொடுத்தால் தணிவு குலைகிறது. கமுகந்தோப்பில் ஒன்று, அதன் வேலியோரத்தில் அதற்கு எதிரி! ஆனால் வேற்றாள் கூப்பிட்டால் மடைக்காரர் மட்டும் வருவதில்லை. களத்தில் நெல் காயவைப்பவர், மாடு மேய்ப்பவர், கரையில் குளிப்பவர் எல்லாரும் ஓடிவருவார்கள். பிஞ்சுப் பாக்கு சொக்கி வேர்த்துக் கொட்டுவதும் எச்சில் ஊறுவதும் அப்படித்தான்.

ஜானோமெலின் பெரும்பாலும் எம்1, எம்4 என்ற இரண்டு ஏற்பிகளைத்தான் கூப்பிடும். பழைய மருந்துகள் டோபமைன் என்ற இன்னொரு செய்திப்பொருளின் ஏற்பியை நேராக அடைக்க, இது டோபமைன் சுரப்பதையே வேறு வழியில் குறைக்கிறது. கூடவே ட்ராஸ்பியம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்திருக்கிறார்கள். அது குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் காதைப் பொத்தும், மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

'புரட்சி' என்று எழுதுகிறவர்களை நம்பிவிட வேண்டாம். அனுமதிக்கு அடிப்படையான ஒப்பீட்டுச் சோதனைகள் 5 வாரம்தான் நடந்தன. அளந்ததும் நோய்க்குறிகளின் மதிப்பெண்ணையே தவிர, சத்தத்தின் தணிவை அல்ல.

பாலாவ் தீவில் பாக்கு மெல்லும் நோயாளிகளிடம் மாயக்குரல் போன்ற குறிகள் குறைவாக இருந்ததாக 2000இல் ஓர் ஆய்வு வந்தது. மெல்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அது. பாக்கை மருந்தாகக் கொடுத்துச் சோதித்ததல்ல. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே உறுதிசெய்துவிட்டது. தம்பிக்கு வெற்றிலைச் செல்லம் வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் தாங்கவில்லை என்று அவர் சொன்னால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.