கைக்கும் விசைக்கும் இடையே மொழி

அரபு எழுத்தான ஐன், தனித்து நிற்கையில் ஒரு வடிவிலும், சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் வேறு வேறு வடிவங்களிலும் வரும். முன்னெழுத்து அதனோடு இணையுமா, பின்னோர் எழுத்து தொடருமா என்பதை மனம் அறிந்த பின்னரே கை அதனை வரைய இயலும். விசைப்பலகையிலோ ஐனுக்கு ஒரே விசைதான். வடிவத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பைக் கணினி ஏற்றுக்கொள்கிறது. தமிழிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. 'கொ' என எழுதும்போது, ஒலிப்பில் பின்வரும் உயிருக்குரிய கொம்பை நம் கை முதலில் இடுகிறது. தமிழ்99 விசைப்பலகையிலோ ககரத்தை அழுத்திய பின்னரே ஒகரத்தை அழுத்துகிறோம். சொல் ஒன்றேயாயினும், அதனை வெளிப்படுத்த மனம் வகுக்கும் வரிசை கருவிக்கேற்ப மாறுகிறது.

இதனால் தட்டச்சை அறிவுக்கு வேலையில்லாத செயலெனக் கருதிவிடலாகாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் ஆகியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் சுவையானது. கைதேர்ந்த தட்டச்சாளர்கள் பணியில் இருக்கையில், அவர்கள் செய்யாத பிழைகளைத் திரையில் புகுத்தினர்; செய்த பிழைகளைத் திருத்தியும் காட்டினர். திரையில் கண்டதையே தட்டச்சாளர்கள் பெரும்பாலும் தம் செயலென நம்பினர். விரல்களோ ஏமாறவில்லை. உண்மையில் பிழை நேர்ந்த இடத்தை அடுத்து மட்டுமே அவற்றின் வேகம் குறைந்தது. சொல்லைத் தேரும் அடுக்கு ஒன்று, அதனை விசைகளாகப் பிரிக்கும் அடுக்கு மற்றொன்று என்பதும், மேலது கீழதன் நுட்பத்தை அறிவதில்லை என்பதும் இதனால் புலனாகின்றன.

கற்றோர் குறிப்பெடுப்பதில் கையெழுத்தே மேல் என்போர், முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்காட்டுவர். மடிக்கணினியில் குறிப்பெடுத்தோர் உரையைச் சொல்லுக்குச் சொல் பதிந்தனர் என்றும், கருத்து வினாக்களில் பின்தங்கினர் என்றும் அது கூறியது. 2021இல் வெளியான மறுஆய்வு முதற்கூற்றை உறுதி செய்தது. தேர்வில் பின்தங்கியதை உறுதி செய்யவில்லை. முன்னதை மட்டும் மொழிந்து பின்னதை விடுவது அறிவு நேர்மையன்று.

எழுத்தைப் புதிதாகக் காணும் குழந்தையின் நிலை வேறு. கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகிய இருவரும், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் சில எழுத்துகளைத் தாமே எழுதவும், சிலவற்றை வரிமேல் வரையவும், சிலவற்றைத் தட்டவும் பயிற்சியளித்தனர். பின்னர் அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, தாமே எழுதிய எழுத்துகளைக் கண்டபோதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் இயங்கின. 2012இல் வெளியான இது, ரோமன் எழுத்துகளைக் கொண்டு 15 குழந்தைகளிடம் நடந்த சிற்றாய்வே. எனினும் மக்தபின் தொடக்க வகுப்பிலேயே பலகையை அகற்றித் தொடுதிரையை வைக்க விழைவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நலம். ஆய்வாளர் தரும் காரணம் எளியது: குழந்தையின் கை ஒருபோதும் ஒரே வடிவை இருமுறை எழுதாது. கோணலாகவும், பெரிதாகவும், வால் நீண்டும் வரும் அவ்வடிவங்களிலிருந்தே எழுத்தின் இன்றியமையாக் கூறு எது என்பதை மனம் பிரித்தறிகிறது. விசை ஒவ்வொரு முறையும் தருவதோ, ஏற்கெனவே திருத்தமுற்ற அதே ஐன்.